ஒரு கேள்விக்குறி வாங்கின கதை

போன சனிக்கிழமை 1 டாலர் 99 சென்ட் கொடுத்து ஒரு கேள்விக்குறி வாங்கிட்டு வந்தேன்.

விளையாட்டுக்குச் சொல்லல. ஆல்பத்தோட பேரே '?' தான். முன்னாடி ஒரு எழுத்து இல்ல, பின்னாடி ஒரு எழுத்து இல்ல. 2005ல வந்த சிடி. நீல் மோர்ஸ்னு ஒரு அமெரிக்கர் போட்டது. கிறிஸ்தவ ராக்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் வீட்டம்மா கேட்டாங்க,

"என்ன வாங்கினீங்க?"

"கேள்விக்குறி."

"கேள்விதான் நான் கேட்டுட்டேனே, என்ன வாங்கினீங்க?"

இப்படியே அஞ்சு நிமிஷம் ஓடுச்சு. கடைசியில டப்பாவை எடுத்துக் காட்டினேன். "இதுக்கா பழைய மிக்ஸியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்?"னு ஒரு பார்வை. (மிக்ஸிக்குப் பதிலா சிடி வாங்கல. மிக்ஸியை இனாமாக் கொடுத்துட்டு, சிடியைக் காசுக்கு வாங்கினேன். அவங்க கணக்குல அது இன்னும் மோசம்.)

நாங்க இருக்கறது ஒஹையோ. வேண்டாத சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுத்தா வாங்கி விக்கிற பழைய பொருள் கடைகள் இங்க நிறைய. கொடுக்கப் போன இடத்துல எதையும் வாங்கக் கூடாதுன்னு வீட்ல கண்டிப்பான உத்தரவு. நானும் ஒவ்வொரு தடவையும் "சும்மா பாத்துட்டு வந்துர்றேன்"னு சொல்லிட்டுத்தான் உள்ள போவேன்.

சிடி அலமாரி எப்பவும் கடையோட கடைசி மூலையில, பழைய பிரிண்டர்களுக்குப் பக்கத்துல இருக்கும். இந்தப் பக்கத்துக் கடைகள்ல நான் பார்த்த வரைக்கும் அந்த அலமாரியில பாதி கிறிஸ்துமஸ் பாட்டு, மிச்சத்துல பாதி ஆராதனைப் பாட்டு. அதைத் தாண்டி எதாவது அகப்பட்டா அது அன்னைக்கு யோகம். அன்னைக்கு எனக்கு யோகம் ஒன்றரைப் பங்கு. ஏன் ஒன்றரைன்னா, இதே நீல் மோர்ஸோட 'டெஸ்டிமோனி'யும் அங்க இருந்துச்சு. 2003ல வந்த ரெட்டை சிடி. ஆசையாத் திறந்தா முதல் தட்டு மட்டும் உள்ள. ரெண்டாவது இருக்க வேண்டிய இடத்துல பிளாஸ்டிக் பல் மட்டும் இளிக்குது. டெஸ்டிமோனின்னா நம்ம சபை பாஷையில 'சாட்சி'. பாதி சாட்சியை வாங்கிட்டுப் போய் என்ன பண்றது? திருப்பி வச்சுட்டேன். (வச்சது தப்பு. கடைசியில சொல்றேன்.)

யாருங்க இந்த நீல் மோர்ஸ்னு கேக்கறவங்களுக்கு.

கலிஃபோர்னியாக்காரர். அண்ணன் ஆலன் மோர்ஸோட சேர்ந்து 'ஸ்பாக்ஸ் பியர்ட்'னு ஒரு குழு நடத்தினவர். ப்ராக் ராக்னு சொல்ற, அரைமணி நேரத்துக்கு ஒரு பாட்டு போடுற ரகம். தாளம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். நான் சென்னையில இன்ஜினியரிங் படிக்கும்போது விடுதியில ஒரு எம்பி3 சிடி கை மாறிக் கை மாறி வரும், அதுல கேட்டுத்தான் பழக்கம். 2002ல 'ஸ்னோ'ன்னு ஒரு ரெட்டை ஆல்பம் வந்துச்சு. அப்பதான் குழு கொஞ்சம் கொஞ்சமா பேர் வாங்கிட்டு இருந்த நேரம். அதே வருஷம் மனுஷன், "நான் இயேசுவை ஏத்துக்கிட்டேன், இனி அவருக்குத்தான் பாடுவேன்"ங்கற மாதிரி சொல்லிட்டுக் கிளம்பிட்டார். ஸ்பாக்ஸ் பியர்டையும் விட்டார், கூடவே இருந்த 'டிரான்ஸ்அட்லாண்டிக்' குழுவையும் விட்டார்.

எங்க விடுதியில அன்னைக்கு இழவு வீடு. "போச்சுடா, சாமியாராயிட்டான்"னு ஒருத்தன் உண்மையாவே சாப்பிடாம இருந்தான்.

ஆனா மனுஷன் சாமியார் எல்லாம் ஆகல. இன்னும் வேகமா வேலை செஞ்சார். 2003ல தன் கதையையே 'டெஸ்டிமோனி'யாப் போட்டார். 2004ல 'ஒன்', கடவுளும் மனுஷனும் பிரிஞ்ச கதை. 2005ல நம்ம கேள்விக்குறி. 2007ல 'சோலா ஸ்கிரிப்டுரா', அது மார்ட்டின் லூத்தர் கதை. எல்லாமே முதல்லருந்து கடைசி வரைக்கும் ஒரே கதையாப் போற ஆல்பங்கள். டிரம்ஸ் யாருன்னு கேட்டா, ட்ரீம் தியேட்டர் குழுவோட மைக் போர்ட்னாய். அந்த ஆள் வாசிச்சா வேதப் பாடமும் மூச்சு வாங்கும்.

இதுல ஒரு சிக்கல். ப்ராக் ராக் கேக்கற கூட்டத்துக்கு, "வாசிப்பு பிரமாதம், ஆனா எதுக்குய்யா இவ்வளவு இயேசு?" கோயிலுக்குப் போற கூட்டத்துக்கு, "இயேசு சரி, எதுக்குய்யா இவ்வளவு டிரம்ஸ்?" மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கறது இதுதான்.

கிறிஸ்தவ ராக்குக்கே பிறந்ததுலருந்து இந்தத் தலைவிதிதான். 1969ல லாரி நார்மன் 'அப்பான் திஸ் ராக்' போட்டப்பவே தொடங்கின பஞ்சாயத்து. 80கள்ல 'ஸ்ட்ரைப்பர்'னு ஒரு குழு, மஞ்சளும் கறுப்புமா கோடு போட்ட உடுப்புல வந்து கூட்டத்துக்குள்ள பைபிளைத் தூக்கி எறிவாங்க. ஒரு பக்கம் தொலைக்காட்சிப் பிரசங்கிமார், இது ஆட்டுத்தோல் போர்த்தின ஓநாய்னு கிழிகிழின்னு கிழிச்சாங்க. எங்க வீட்லயே ஒரு மாமா உண்டு. கிதாரைப் பார்த்தாலே சாத்தான்னு சொல்லுவார். ஆர்மோனியம் மட்டும் பரிசுத்தம். (அதுவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான் மாமான்னு ஒரு தடவை சொல்லிட்டு, அந்தக் கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டை இல்லாமப் போச்சு.)

ஒரே கதையா ஓடுற ஆல்பம்னா நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரிய வைக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம். வில்லுப்பாட்டு. அவ்வளவுதான். ஒரே கதை, நடுநடுவுல பாட்டு, முதல்ல வந்த மெட்டு மறுபடி மறுபடி தலை காட்டும், கடைசியில எல்லாரும் சேர்ந்து ஒரு அடி அடிச்சு முடிப்பாங்க. இன்னொண்ணும் சொல்லணும். 2016ல இதே நீல் மோர்ஸ், ஜான் பனியனோட மோட்சப் பிரயாணத்தை எடுத்து ரெண்டு சிடிக்கு ஆல்பம் போட்டார். உலகமே ஆகா ஓகோன்னுச்சு. எங்க திருநெல்வேலிப் பக்கத்து எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதே கதையை 1894லயே 'இரட்சணிய யாத்திரிகம்'னு 3,000 பாட்டுக்கு மேல பாடி வச்சுட்டார். மைக் போர்ட்னாய்தான் கிடைக்கல அவருக்கு.

சரி, கேள்விக்குறிக்கு வருவோம். அது எதைப் பத்தின கதை தெரியுமா?

ஆசரிப்புக் கூடாரம்!

டப்பாவை வீட்ல திறந்து, உள்ள இருந்த சின்னப் புஸ்தகத்தைப் புரட்டினப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. சிரிப்பை அடக்க முடியல. பாளையங்கோட்டையில விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் ஆசரிப்புக் கூடாரம் தெரியாம இருக்காது. மோசே வனாந்தரத்துல போட்ட கூடாரம். அதை அட்டையில செஞ்சு கொண்டு வரச் சொல்லுவாங்க. பொன் தகட்டுக்கு எங்க போறது? டீக்கடை வாசல்ல கிடக்கற சிகரெட் டப்பாவைப் பொறுக்கி, உள்ள இருக்கற தங்கத் தாளை உரிச்சு ஒட்டினோம். எங்க வகுப்போட உடன்படிக்கைப் பெட்டி மூக்குக்குக் கிட்ட கொண்டுபோனா புகையிலை வாசம் அடிக்கும். டீச்சர் தூபவர்க்கம்னு நினைச்சிருப்பாங்க.

உடனே அம்மாவுக்கு போன் போட்டேன்.

"எம்மா, ஆசரிப்புக் கூடாரத்துல என்னென்ன இருக்கும், வரிசையாச் சொல்லுங்க."

"ஏய்யா, அங்க மணி என்ன? ராத்திரி தூங்காம இதையா யோசிச்சிட்டு இருக்க?"

"சொல்லுங்கம்மா."

மூச்சு விடாமச் சொன்னாங்க. பிராகாரம், நூறு முழ நீளம், அம்பது முழ அகலம். வாசல் கிழக்கே. உள்ள போனா முதல்ல பலிபீடம். அடுத்து வெண்கலத் தொட்டி. அதைத் தாண்டினா பரிசுத்த ஸ்தலம். வலது கைப் பக்கம் சமுகத்தப்ப மேஜை, இடது கைப் பக்கம் குத்துவிளக்கு, நேரே தூபபீடம். அப்புறம் திரைச்சீலை. திரைக்கு அங்கிட்டு மகா பரிசுத்த ஸ்தலம், உள்ள பெட்டி. "அதுக்குள்ள பிரதான ஆசாரியன் மட்டும்தான் போவான். அவனும் வருசத்துக்கு ஒருக்காதான். நீ ஏன் கேக்க? சபைக்கு ஒழுங்காப் போறியா?"

(இந்தக் கடைசிக் கேள்வி வராம எந்த போனும் முடிஞ்சதில்ல.)

பிராகாரம், குத்துவிளக்கு. நம்ம பைபிள்ல சினாய் மலையடிவாரமே கொஞ்சம் நெல்லையப்பர் கோயில் மாதிரிதான் இருக்கும். சின்ன வயசுல நான் மனசுக்குள்ள பார்த்ததும் அப்படித்தான்.

ஆல்பத்துல 12 தடம். மொத்தம் 56 நிமிஷம். ஆனா 12 பாட்டுன்னு சொல்ல முடியாது, ஒரே பாட்டை 12ஆ நறுக்கியிருக்கு. 'தி டெம்பிள் ஆஃப் த லிவிங் காட்'னு தொடங்கி, அதே பேர்லயே முடியுது. நடுவுல ஒன்பதாவது தடத்தோட பேரு '12'. (ஆல்பத்துக்குப் பேரு கேள்விக்குறி, ஒன்பதாவதுக்குப் பேரு பன்னெண்டு. இவர் பிள்ளைகளுக்கு எப்படிப் பேர் வச்சாரோ.) அம்மாகிட்ட கேட்டேன். "பன்னெண்டு கோத்திரம் இருக்குல்லா"ன்னாங்க ஒரு நொடியில. நானா இருந்தா இணையத்துல ஒரு மணி நேரம் தேடியிருப்பேன்.

அந்தச் சின்னப் புஸ்தகத்துல எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் பென்சிலால குறிச்சு வச்சிருக்கார். ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்துலயும் வேத வசன எண். யாத்திராகமம் 25. லேவியராகமம் 16. எபிரெயர் 9. சின்னச் சின்னக் கையெழுத்து, அழுத்தாம எழுதினது. பாட்டு கேட்டுக்கிட்டே பக்கத்துல பைபிளைத் திறந்து வச்சுப் படிச்சிருக்கணும். எட்டாவது பாட்டு வரைக்கும் வரிசையா வருது. ஒன்பதுலருந்து ஒண்ணுமே இல்ல. வெத்து ஓரம்.

ஏன் நிறுத்தினார்? எனக்கு அன்னைக்கு ராத்திரி முழுக்க இதே யோசனை. நம்பிக்கை போயிடுச்சா? உடம்பு சரியில்லாமப் போச்சா? சிடி அதோட கடைக்கு வந்துடுச்சா?

"பென்சில் முனை உடைஞ்சிருக்கும்"னாங்க வீட்ல.

இதுக்கு மேல என்ன பேச.

இனிமேதான் எரிச்சல்.

சிடியைப் போட எங்ககிட்ட எந்தக் கருவியும் இல்ல. லேப்டாப்புல தட்டுச் செருகுற வாய் இருந்த காலம் போச்சு. கார்லயும் கிடையாது. யுஎஸ்பில சொருகுற டிரைவ் ஒண்ணு வாங்கினேன். 24 டாலர். (1 டாலர் 99 சென்ட் சிடிக்கு. இதை வீட்ல இன்னும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க.)

போட்டேன். விளக்கை அணைச்சேன். முதல் பாட்டு. அந்த ஆர்கன் சத்தம் எழும்பி வந்ததும் இருபது வருஷத்துக்கு முந்தின விடுதி அறை, பக்கெட்டுல ஊறின துணி வாசம் உட்பட, அப்படியே வந்து நின்னுச்சு. ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள்ள கரைஞ்சு போகுது. எழுந்து போக இடைவெளியே இல்ல. கேட்டுக்கிட்டே போறேன், போறேன், பத்தாவது தடம் 'என்ட்ரன்ஸ்'. வாசல். சரி, உள்ள நுழையப் போறோம். பதினொண்ணாவது 'இன்சைட் ஹிஸ் பிரசன்ஸ்'. அதாவது திரைச்சீலையைத் தாண்டி, மகா பரிசுத்த ஸ்தலம்.

டக். டக். டக். டக்.

மாட்டிக்கிச்சு.

மறுபடி போட்டேன். அதே இடம். பன்னெண்டாவதுக்குத் தாண்டினேன். தாண்டிப் போய் அங்கயும் இருமுது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா பிராகாரம், பலிபீடம், தொட்டின்னு எல்லாம் கடந்து வந்து, திரைக்கு முன்னாடி என்னைத் தடுத்து நிறுத்திட்டாங்க. "பிரதான ஆசாரியன் மட்டும்தான்."

தட்டை வெளிய எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தேன். விளிம்புலருந்து ஒரு விரல் உள்ள, வட்டத்தோட வாக்குலயே வளைஞ்சு ஒரு கீறல்.

அப்பதான் ஒரு விஷயம் தலையில உறைச்சுது. சிடி கிராமபோன் தட்டு மாதிரி இல்ல. இசைத்தட்டுல ஊசி வெளி விளிம்புலருந்து நடுவுக்குப் போகும். சிடில லேசர் நடுவுல தொடங்கி விளிம்பை நோக்கி வரும். முதல் பாட்டு நடு ஓட்டையைச் சுத்தி, கடைசிப் பாட்டு ஓரத்துல. கூடாரத்துக் கதையோ வெளிய தொடங்கி உள்ள போகுது. ஆக இந்தத் தட்டுல வெளிப்பிராகாரம் நடுவுல பத்திரமா இருக்கு. மகா பரிசுத்த ஸ்தலம் விளிம்புல. நாம எடுக்கும்போது விரல் படுற இடம், டப்பாவுல இடிக்கற இடம், மேஜையில உரசுற இடம், எல்லாம் அங்கதான். உள்ளதுலயே பாதுகாப்பு வேண்டிய அறை தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்குது.

இதுவே கிராமபோன் தட்டா வந்திருந்தா ஊசி சரியா ஆசாரியன் போற வழியில போயிருக்கும். இதை யோசிச்ச சந்தோஷத்துல கீறலைக் கூட கொஞ்ச நேரம் மன்னிச்சுட்டேன்.

கொஞ்ச நேரம்தான்.

முதல் சிகிச்சை: பனியன் துணியை நனைச்சு, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டு, வட்டமாத் தேய்ச்சேன். தப்பு! வட்டமாத் தேய்க்கவே கூடாது. தகவல் வட்டமாத்தான் ஓடுது. துணியில ஒரு மணல் இருந்து அதே வழியில கீறினா, ஒரே இடத்துல நீளத்துக்குத் தகவல் போயிடும். நடுவுலருந்து நேரா விளிம்புக்கு இழுக்கணும். அப்ப கீறல் விழுந்தாலும் குறுக்கால விழும். குறுக்குக் கீறலை சிடி தானே சரிபண்ணிக்கும், சுமார் 2 மில்லிமீட்டர் அகல ஓட்டையைக் கூடத் தாண்டிப் போற அளவுக்கு அதுல கூடுதல் தகவல் கலந்து எழுதியிருக்காங்க. இது தெரிஞ்சது தேய்ச்சு முடிச்ச பிறகு.

ரெண்டாவது சிகிச்சை: பற்பசை. சிரிக்காதீங்க, ஊர் உலகமே செய்யறதுதான். கீறல் இருக்கறது பாட்டு மேல இல்ல, பாட்டுக்கு மேல மூடியிருக்கற 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மேல. அதை லேசாத் தேய்ச்சு மழுக்கினா லேசர் தாண்டிப் போயிடும். முதல்ல எங்க வீட்டு நீலக் கலர் ஜெல்லைப் போட்டேன். ஒண்ணும் நடக்கல. அப்புறம் சாதா வெள்ளைப் பசை. விளிம்புலருந்து நடுவுக்கும் நடுவுலருந்து விளிம்புக்கும் அரைமணி நேரம். அம்மாகிட்ட சொன்னா, "பல்பொடி போட்டுத் தேயேம்ல"ங்கறாங்க. நல்லவேளை இங்க பல்பொடி கிடைக்கல.

(ஒரு எச்சரிக்கை. பேர் அச்சடிச்ச பக்கம் கீறல் விழுந்தா பற்பசையும் கிடையாது, பரமபிதாவும் கிடையாது. பளபளக்கற தகடு அந்தப் பக்கத்துக்கு ஒட்டி, மெல்லிசு வார்னிஷுக்குக் கீழதான் இருக்கு. அதுல உரிஞ்சா பாட்டே உரிஞ்ச மாதிரி. எல்லாரும் கீழ்ப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பாங்க, மேல பேனாவால கிறுக்குவாங்க.)

கழுவித் துடைச்சுப் போட்டேன். பதினொண்ணாவது தடத்துல ரெண்டு டக் குறைஞ்சிருந்துச்சு. டிரைவ்லருந்து புதினா வாசம்.

மூணாவது, 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி'ன்னு ஒரு பழைய மென்பொருள். பாக்கறதுக்கு ரயில்வே முன்பதிவு ஃபாரம் மாதிரி இருக்கும். ஆனா பொறுமைசாலி. சாதாரண மென்பொருள் ஒரு தடவை படிச்சுட்டு, தெரியாத இடத்தை குத்துமதிப்பா நிரப்பிட்டுப் போயிடும். இது ஒவ்வொரு துண்டையும் திரும்பப் படிச்சு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப் போகலன்னா மறுபடி. மறுபடி. மறுபடி. முதல் பத்துத் தடமும் பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. பதினொண்ணாவதுக்கு வந்ததும் மோட்டார் முனகல் மாறுது. நின்னு, பின்னாடி போய், முன்னாடி வந்து, வாசல்ல நின்னு கதவைத் தட்டுற மாதிரியே இருந்துச்சு.

ராத்திரி பத்தே முக்காலுக்கு விட்டுட்டுப் போய்ப் படுத்தேன். காலையில ஆறு மணிக்கு வந்து பாக்கறேன். 12 தடமும் முடிஞ்சு, கீழ ஒரு வரி. பிழை எதுவும் இல்லையாம்.

நான் கத்தின கத்துல வீட்ல எழுந்து வந்துட்டாங்க. "என்னாச்சு?" "உள்ள போயிட்டேன்!" "எங்க?" விடுங்க.

இதுல இன்னொரு கூத்து. கோப்புகளைச் சேமிக்கப் போனா, ஆல்பம் பேர்ல ஃபோல்டர் திறக்கணும்ல? விண்டோஸ்ல ஃபோல்டர் பேர்ல கேள்விக்குறி வைக்கக் கூடாது. டாஸ் காலத்துலருந்து கேள்விக்குறின்னா 'இங்க எந்த எழுத்து வேணா இருக்கலாம்'னு அர்த்தம். அதனால மென்பொருள் தானா மாத்தி, '_'ன்னு ஒரு அடிக்கோடு போட்டு வச்சிருக்கு. 56 நிமிஷம் கடவுளோட வீடு எங்கன்னு கேக்கற ஆல்பத்துக்கு என் கம்ப்யூட்டர்ல பேரு, கோடிட்ட இடத்தை நிரப்புக.

"ஸ்ட்ரீமிங்ல கேட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"ன்னு நீங்க முணுமுணுக்கறது கேக்குது. '?'ன்னு தட்டிப் பாருங்க. எக்ஸ்எக்ஸ்எக்ஸ்டென்டேசியன்னு ஒரு ராப் பையன் 2018ல இதே பேர்ல போட்ட ஆல்பம் வந்து நிக்கும். எங்க அம்மாவுக்குத் தெரியாத்தனமா அதை அனுப்பியிருந்தா என் கதி என்ன ஆகியிருக்கும்! இன்னொண்ணு, எம்பி3ல மாத்தினா ஒவ்வொரு தடத்தோட தலையிலயும் வாலுலயும் துளி மௌனம் ஒட்டிக்கும். தனித்தனிப் பாட்டுக்கு அது தெரியாது. இதுமாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற இசையில, படியில கால் தடுக்கற மாதிரி பதினோரு தடவை தடுக்கும். அதனால அந்த மௌனம் ஒட்டாத ஃப்ளாக் கோப்பா வச்சேன். போன்ல தாறுமாறு வரிசைப் பொத்தானையும் அணைச்சேன். பலிபீடத்துக்கு முன்னாடி பெட்டி வந்துடக் கூடாதில்ல.

முழுசாக் கேட்ட பிறகு என் தீர்ப்பு.

வாசிப்புல குறை சொல்ல இடமில்ல. ஜெனிசிஸ் குழுவுல முன்னாடி இருந்த ஸ்டீவ் ஹாக்கெட், ட்ரீம் தியேட்டர் ஜோர்டன் ரூடெஸ், பிரிஞ்சு வந்த அதே அண்ணன் ஆலன் மோர்ஸ், டிரான்ஸ்அட்லாண்டிக் ரோய்னே ஸ்டோல்ட், எல்லாரும் வந்து வாசிச்சுட்டுப் போயிருக்காங்க. (விட்டுட்டுப் போன ஆளுக்காக வந்து வாசிச்சிருக்காங்களே, அது எனக்குப் பிடிச்சுது.) 'சாலிட் ஆஸ் த சன்' கேக்கும்போது பாத்திரம் கழுவிக்கிட்டே ஆடினேன், சாட்சி உண்டு.

வரிகள்தான் இடிக்குது. ப்ராக் ராக்ல யாரும் எதையும் நேராச் சொல்ல மாட்டாங்க, மலை, டிராகன், சூரியக் கப்பல்னு சுத்தி வளைப்பாங்க. இவர் நேரா ஞாயிறு பள்ளி டீச்சர் மாதிரி கரும்பலகையில எழுதிப் போட்டுடுவார். கேள்விக்குறின்னு பேர் வச்சுட்டு எல்லாத்துக்கும் விடையைச் சொன்னா எப்படி? அங்கங்க ஒரு கேள்வியையாவது எங்களுக்கு விட்டு வச்சிருக்கலாம்.

ஆனா எட்டாவது பாட்டு. 'அவுட்சைட் லுக்கிங் இன்'. வெளிய நின்னு உள்ள பாக்கறவன். சத்தம் எல்லாம் அடங்கின பாட்டு. கூடாரத்துக்குள்ள விடப்படாதவனோட இடத்துல இருந்து கேக்கணும் இதை. எனக்கு வடக்கன்குளம் கோயில் ஞாபகம் வந்துடுச்சு. எங்க பக்கத்து ஊர்தான். கால்சட்டை மாதிரி ரெண்டு கூடமாக் கட்டி, நடுவுல சுவர் வச்சு, இந்தச் சாதிக்கு இந்தப் பக்கம், அந்தச் சாதிக்கு அந்தப் பக்கம்னு உட்கார வச்ச கோயில். பீடம் மட்டும் ரெண்டுக்கும் பொது. சுவர் போய் ரொம்பக் காலமாச்சு, ரெண்டு கூடம் அப்படியே இருக்கு. சின்ன வயசுல அப்பா கூட்டிட்டுப் போய்க் காட்டினார். எங்க சுவர் இருந்துச்சுன்னு நான் தரையைத் தேடினது ஞாபகம் இருக்கு. இயேசு இறந்தப்ப கோயில் திரைச்சீலை கிழிஞ்சதைப் பத்திப் பிரசங்கம் கேட்டுட்டு வந்து சுவர் கட்டியிருக்காங்க பாருங்க.

பென்சில்காரர் கடைசியாக் குறிச்சதும் இந்தப் பாட்டுக்குத்தான். எபேசியர் 2. எடுத்துப் பார்த்தேன். நடுச்சுவரைத் தகர்க்கறதைப் பத்தின அதிகாரம்.

முனை உடைஞ்சிருக்கலாம். நான் ஒண்ணும் சொல்லல.

அம்மாவுக்குப் பதினொண்ணாவது தடத்தை அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு வாட்ஸப்புல குரல் செய்தி: "நல்லாத்தான் பாடுதான் ஐயா. ஆனா இந்தக் கொட்டடிக்கிறவனைக் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லணும். ஆசாரியன் உள்ள போகும்போது அங்கியில மணி கட்டியிருப்பான், அந்தச் சத்தம் வெளிய கேக்கணும்லா." மைக் போர்ட்னாய் பத்தி நான் படிச்ச விமர்சனங்கள்லயே இதுதான் உருப்படியான ஒண்ணு.

இப்ப அந்தப் பாதி சாட்சி விஷயம். கேள்விக்குறி இவ்வளவு பிடிச்சுப் போனதும், போய் 'டெஸ்டிமோனி'யை எடுத்துட்டு வந்துடலாம்னு நேத்து சாயங்காலம் ஓடினேன். முதல் தட்டும் போயிடுச்சு. எவனோ வாங்கிட்டான். அவன்கிட்டதான் ரெண்டாவது தட்டு இருந்திருக்கும்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டு வந்தேன். உங்க யார்கிட்டயாவது ரெண்டு தட்டோட இருந்து, கேக்காமக் கிடந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. தபால் செலவு என்னுது. பேர் இருக்கற பக்கம் மட்டும் கீறாமப் பாத்துக்கங்க.